பாப்பாவின் இடது முன்னங்கால்

1

இந்தக் கதை ஒரு படத்தில் பிறந்தது. மூடி மறைக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாக நான் கதை கொடுப்பேன், ஓவியன் சீனி அதற்குப் படம் போடுவான். இந்த முறை தலைகீழ். வேறொருவர் எழுதிக்கொண்டிருந்த ராஜா ராணித் தொடருக்காகச் சீனி ஒரு குதிரையை வரைந்து அனுப்பியிருந்தான். அந்த வாரமே அந்த எழுத்தாளர் கோபித்துக்கொண்டு தொடரை நிறுத்திவிட்டார். ராஜா போனார், ராணி போனார், குதிரை மட்டும் பத்திரிகை அலுவலகத்தில் தங்கிவிட்டது. ஆசிரியர் காசிவிஸ்வநாதன் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு குதிர இருக்கு. கத வேணும்."

"என்ன மாதிரி கத?"

"குதிர வர்ற மாதிரி. வியாழக்கிழமைக்குள்ள குடுத்தீங்கன்னா ஞாயித்துக்கெழம போட்டுரலாம். இல்லாட்டி அந்த எடத்துல சமையல் குறிப்புதான்."

"சமையல் குறிப்பே போட்டுரலாமே."

"போன வாரந்தான் போட்டோம் லா. ரெண்டு பேரு போன் பண்ணி உப்பு எவ்வளவுன்னு கேட்டாங்க. ஒங்க கதைக்கு யாரும் போன் பண்றதில்ல."

இத்தனை வருடம் எழுதியவனிடம் இப்படித்தான் பேசுவார்கள். சரி என்றேன். சரி என்று சொல்வது எனக்கு மறுப்பதைவிடச் சுலபம். பழக்கம்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் வீட்டு மேசைமேல் இப்போது அந்தப் படம் கிடக்கிறது. ராஜா ஏறும் குதிரை அல்ல. சீனி ராஜா குதிரையைப் பார்த்ததில்லை. எங்கேயோ பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் மட்டக்குதிரையைப் பார்த்து வரைந்திருக்கிறான். குட்டையான உடம்பு, கண்ணில் விழும் பிடரி மயிர். பின்னால் ஒரு கொட்டகை. இடது தோளில் மை சிந்தியதுபோல ஒரு கறுப்புக் குறி. படத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு கை. கைக்குரியவர் யாரென்று தெரியவில்லை, முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது.

மூன்று கால்கள் சரியாக ஊன்றி நிற்கின்றன. நான்காவது, இடது முன்னங்கால், ஒரு மாதிரியாக இருக்கிறது. கொஞ்சம் குட்டை. அல்லது கொஞ்சம் வளைவு. சீனியைக் கூப்பிட்டேன்.

"சீனி, அந்தக் காலு என்னா? நீ தப்பாப் போட்டியா, குதிரைக்கே அப்படியா?"

"எந்தக் காலுண்ணே?"

"எடது முன்னங்காலு."

"நாலு காலு போட்டேன்ணே," என்றான். "எண்ணிப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான் கிடைத்தது. வாங்கலாமா வேண்டாமா என்று சந்தேகப்படுகிறவன்போல அந்தக் குதிரையை நானே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பழைய அடியா, வரைந்தவன் பிசகா? இதையே கதையாக்கிவிடலாம் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை என்பதும் உண்மை.

2

ஆரம்பம்.

"சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—"

(நிறுத்திவிட்டேன். என் எல்லாத் தொடர்களிலும் இந்த மலைகளுக்குப் பின்னால் சூரியன் எதையாவது செய்துகொண்டே இருக்கிறது. அதற்கும் ஓய்வு வேண்டும்.)

"1921-ஆம் ஆண்டு ரப்பர் விலை சரிந்து, பேராக் மாநிலத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான—"

(பள்ளிக்கூடப் பாடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் படிப்பார்கள்? ஆனால் வருடம் இருக்கட்டும். பின்னால் தேவைப்படும்.)

"'குதிர நல்லாத்தான் நிக்குது. நிக்க வச்சுப் பாக்கவா வாங்குறோம்?' என்றாள் செல்லாயி."

இது பரவாயில்லை. இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன். இனி இவள் யார், எந்தக் குதிரையின் முன்னால் நிற்கிறாள், ஏன் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கதாசிரியன் வேலை என்பது பாதி இதுதான். யாரோ பேசிவிடுகிறார்கள், நாம் பின்னாலேயே ஓடிப்போய்க் காரணம் கேட்கிறோம்.

3

செல்லாயியும் அவள் புருஷன் சன்னாசியும் லகாட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கிறவர்கள். (தோட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. இப்போது அங்கே வீடுகள்தான் இருக்கும்.) ரப்பர் விலை விழுந்த வருடம். பாதி மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். ஆள் அதிகம் என்று தொரை சொல்லிவிட்டார். ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றத் தொடங்கியாயிற்று.

யாரை முதலில் ஏற்றுவது? அதைப் பெரட்டில் முடிவு செய்தார்கள். பெரட்டு என்றால் விடிவதற்கு முன் மணி அடித்ததும் ஆட்கள் களத்தில் வந்து வரிசையாக நிற்பது. கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுவான், கூப்பிட்டவர் முன்னே நடந்து வந்து நிற்க வேண்டும். முன்பெல்லாம் வந்தாயா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இப்போது தொரையே விளக்கோடு வந்து, எப்படி நடந்து வருகிறாய் என்று பார்த்தார். இருமியவன் போனான். கூன் விழுந்தவன் போனான். வராதவன் பெயர் தானாகவே போனது.

சன்னாசிக்கு இடது முழங்காலில் பழைய அடி. ஊரில் சிறுவயதில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியது. வைத்தியன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூன்று கோடு சூடு போட்டான். கால் பிழைத்தது. ஆனால் இரவெல்லாம் படுத்துக் கிடந்து காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது. கொஞ்ச தூரம் நடந்து சூடேறிவிட்டால் எந்தக் குறையும் தெரியாது. அதனால் அவன் மணி அடிக்கும் முன்பே எழுந்து, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக இருட்டில் நடப்பான். நொண்டி நொண்டி நடந்து, கால் இளகியபின் பெரட்டுக்களத்துக்கு நிமிர்ந்து போவான். நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு ஆள் சேர்த்த டிப்போவில் உடம்பைச் சோதித்த டாக்டரையும் அப்படித்தான் கடந்து வந்தான். மரத்துக்கு மரம் ஓடுகிறவர்களில் அவனும் ஒருவன். யாருக்கும் தெரியாது.

கப்பலேறினால் என்ன, சொந்த ஊர்தானே என்று கேட்கலாம். அவர்கள் இருவரும் கப்பலில் பார்த்துச் சேர்ந்துகொண்டவர்கள். ஊரில் அவள் வீட்டார் இருக்கும் தெருவுக்குள் இவன் வீட்டார் செருப்போடு நடக்க முடியாது. கப்பலில் கலந்தது அங்கே கலக்காது. செல்லாயிக்கு மூன்று அண்ணன்மார். திரும்பிப் போனால் சன்னாசி உயிரோடு இருக்கமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

தோட்டத்தைவிட்டு வெளியே சொந்தப் பிழைப்பு ஒன்று இருந்தால் கப்பல் இல்லை. லகாட் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஈப்போச் சந்தைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றும் ராமையா, மோட்டார் ஓட்டப் பழகத் தைப்பிங்குக்குப் போகிறான். வண்டியையும் குதிரையையும் விற்கிறான். செல்லாயியின் இரண்டு வெள்ளிக் காப்பைக் கொடுத்தால் போதும் என்கிறான். அவர்களிடம் இருப்பதும் அந்தக் காப்புகள்தான்.

காப்பு ஒரு தடவைதான் போகும். குதிரை நொண்டியாகிவிட்டால் அடுத்த குதிரை கிடையாது.

இவ்வளவு தெரிந்தபிறகு எனக்கே படத்தைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

4

மாலை வேலை முடிந்து இருவரும் லகாட்டுக்கு நடந்து போனார்கள். ராமையாவின் கொட்டகை ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி. அவர்கள் போய்ச் சேரவும், செம்மண் சாலையில் ராமையா வண்டியோடு வரவும் சரியாக இருந்தது. குதிரை வேர்வையில் நனைந்திருந்தது.

"வா மச்சான்! தங்கச்சியும் வந்திருக்கா. பாப்பா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு!"

பாப்பா என்பது குதிரையின் பெயர். அது சன்னாசியைப் பார்த்துவிட்டுச் சாணி போட்டது.

"மரியாதக்காரி," என்றாள் செல்லாயி.

ராமையா வண்டியை அவிழ்த்துவிட்டான். சன்னாசி குதிரையைச் சுற்றி வந்தான். மாட்டைப் பார்த்து வளர்ந்தவன், குதிரை அவனுக்குப் புதிது. ஆனாலும் பல்லைப் பார்த்தான், குளம்பைத் தட்டினான், வாலைத் தூக்கினான். இடது தோளில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். மயிர் முளைக்காத மூன்று கோடுகள்.

"என்னாண்ணே, சூடா?"

"சூடு இல்ல மச்சான். முத்திர. சுமத்ராவுல டெலிலேருந்து கப்பல்ல வர்ற குதிர இது. அங்க சொந்தக்காரன் அடையாளம் போட்டு அனுப்புவான் லா."*

"மூணு கோடா போடுவான்?"

"அவனுக்கு எழுதத் தெரியாதோ என்னமோ."

(* 1921-ல் ராமையா இந்த ஊர்ப் பேச்சுபோல 'லா' போட்டிருப்பானா என்று யாராவது கேட்டு எழுதுவார்கள். அவன் பினாங்கு, டெலி எல்லாம் சுற்றியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.)

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மலாய்க்காரர் ஒருவர் அந்தக் குதிரையை வாங்க வந்திருந்தால் அந்த மூன்று கோடுகளைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். சீனர் வந்திருந்தாலும் அப்படித்தான். யாருடைய குதிரையோ, முத்திரை போட்டிருக்கிறான், முடிந்தது. நம் ஆட்கள் அப்படி இல்லை. நமக்குச் சுளுக்குக்குச் சூடு, மஞ்சள்காமாலைக்குச் சூடு, மாடு கால் சாய்த்தால் சூடு. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே கம்பி. உடம்பில் காய்ந்த கோட்டைக் கண்டால், யார் போட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை, எந்த நோய்க்குப் போட்டது என்றுதான் கேட்போம். சன்னாசியின் கண் அதை வேறு மாதிரி பார்க்கவே முடியாது. அவன் கால்சட்டைக்குள் அதே மூன்று கோடு இருக்கும்போது எப்படி முடியும்?

"குதிர நல்லாத்தான் நிக்குது," என்றாள் செல்லாயி. "நிக்க வச்சுப் பாக்கவா வாங்குறோம்?"

ராமையா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான், பாப்பா கூடவே ஓடியது. புளியமரம் வரை போய்த் திரும்பியது. தலை ஆடவில்லை. நான்கு குளம்புச் சத்தமும் ஒரே அளவாகக் கேட்டது. சன்னாசி குனிந்து முன்னங்காலை மேலிருந்து கீழாகத் தடவினான். வீக்கம் இல்லை. சூடு இருந்தது, ஆனால் உடம்பு முழுவதும்தான் சூடாக இருந்தது.

"வேர்த்திருக்கே அண்ணே."

"ஸ்டேசன்லேருந்து ஓடியாந்தது. வேர்க்காதா?"

"மெயிலு ரயிலு இன்னும் வரலையே," என்றாள் செல்லாயி.

ராமையா சிரித்தான். "வரலன்னு பாத்துட்டுத்தானே வந்தேன் தங்கச்சி."

பதில் சரியாகத்தான் இருந்தது. செல்லாயி விடவில்லை.

"காலையில வந்து பாக்கலாமா அண்ணே? விடியறதுக்கு முன்ன? கட்டுத்தறியிலேருந்து அவுத்து வுடறப்ப?"

"தாராளமா. ஆனா நாளைக்கே வந்துரணும். மத்தியானம் காய்கறித் தோட்டத்துச் சீனன் வர்றான், அவன் யோசிக்கமாட்டான். மச்சானுக்குத்தான் பெரட்டு இருக்குமே?"

"இருக்கு," என்றான் சன்னாசி.

5

ராமையாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என் தொடர்களில் இப்படி ஒரு ஆள் வந்தால் அவனுக்கு முறுக்கு மீசை வைத்து, நொண்டிக் குதிரையை ஓடவிட்டுச் சூடேற்றி ஏமாற்றுகிறவனாக ஆக்கிவிடுவேன். அடுத்த வாரம் கதாநாயகன் அவனை வாய்க்காலில் தள்ளுவான். வாசகர்களுக்கு நிம்மதி.

இந்தத் தடவை அது வரமாட்டேன் என்கிறது. நான் ராமையாவின் பக்கமே போய் நின்று பார்த்தேன். அவன் பாப்பாவைத் தைப்பிங்கில் இன்னொருவனிடம் வாங்கினான். அப்போதே தோளில் கோடு இருந்தது. முத்திரை என்று அவன் சொன்னான், இவன் நம்பினான். நம்பியதால் நிம்மதியாக வண்டி ஓட்டினான். காலையில் குதிரையை அவிழ்க்கும்போது கொட்டகை இருட்டாக இருக்கும், இவன் கண்ணில் தூக்கம் இருக்கும். குதிரை நொண்டியதா? பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமல் இருப்பது அவனுக்கு வசதியாக இருந்தது. இதைப் பொய் என்று சொல்ல முடியுமா? (முடியும் என்றால் நாம் எல்லாரும் மாட்டிக்கொள்வோம்.)

ஆகவே கதையில் இருக்கும் யாருக்கும் உண்மை தெரியாது. எழுதுகிறவனுக்காவது தெரிய வேண்டும். நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். தேநீர் ஆறிவிட்டது.

6

திரும்பி நடந்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஈயம் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது.

"வயித்து வலின்னு சொல்லிக்கிறேன்," என்றாள் செல்லாயி. "பொம்பளைக்கு வயித்து வலின்னா கங்காணி மேக்கொண்டு கேள்வி கேக்கமாட்டான். நீ பெரட்டுக்குப் போயிரு. நான் போயிக் குதிரையப் பாத்துக்கிறேன்."

"தலையப் பாரு. காலப் பாக்காத. நோவுற காலு தரையில படறப்ப தலைய மேல தூக்கும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

சன்னாசி காலை எட்டி வைத்து நடந்தான். கொஞ்ச தூரம் போனபிறகு, "அதுவும் என்ன மாதிரித்தான்," என்றான்.

"என்னா ஒன்ன மாதிரி? அதுக்கு நாலு காலு."

"இல்ல புள்ள. வேர்த்துருந்துச்சே. நானும் டிப்போல டாக்டர் பாக்கறதுக்கு முன்ன, பின்பக்கமா போயி..."

"தெரியும்."

"எது தெரியும்?"

"கப்பல்ல எல்லாரும் தூங்கறப்ப நீ மேல்தட்டுல நடப்பியே. மொதல்ல நொண்டுவ. வெளிச்சம் வர்றப்ப நிமிந்துருவ. நான் ஏதோ வேண்டுதலாக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாமிய விட ஒன் முழங்காலத்தான் நீ ரொம்பத் தடவுறேன்னு பாத்தேன்."

சன்னாசிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இத்தனை வருடம் லயத்துக்குப் பின்னால் இருட்டில் நடந்ததெல்லாம் இவளுக்குத் தெரிந்தேதான்.

"தெரிஞ்சுமா என்னக் கட்டிக்கிட்ட?"

"நீ நொண்டுனா ஒன்னத் திட்டலாம். குதிர நொண்டுனா யாரத் திட்டுறது?"

தோட்டத்து எல்லையில் முதல் ரப்பர் மரங்கள் வந்தன. சன்னாசி நின்றான்.

"நாளைக்கு அது நொண்டுச்சுன்னா வேணாம்னு சொல்லிரு."

"சொல்லிருவேன்."

"காப்பு போச்சுன்னா திரும்பி வராது."

"சொல்லிருவேன்னேனே."

அவன் நடந்தான். மறுபடி நின்றான்.

"ஒடனே சொல்லிராத. ஒரு நாலு அடி நடக்க வுட்டுப் பாரு."

"ஏன்?"

"நாலு அடி நடந்தா சரியாயிரும்."

செல்லாயி அவன் முகத்தைப் பார்த்தாள். இருட்டிவிட்டதால் அவன் குதிரையைப் பற்றிப் பேசுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

(எனக்கும் தெரியவில்லை.)

7

ஆசிரியர் கூப்பிட்டார். வியாழக்கிழமை.

"அண்ணே, முடிஞ்சிருச்சா? குதிரைய வாங்குனாங்களா?"

"இன்னும் இல்ல."

"வாங்கச் சொல்லுங்கண்ணே. பண்டிக மாசம், நல்லபடியா முடிங்க."

நல்லபடியாக எழுதிப் பார்த்தேன். "பாப்பாவின் காலில் ஒரு குறையும் இல்லை. சன்னாசியின் வண்டி ஈப்போச் சாலையில் நாள் தவறாமல் ஓடியது. நாளடைவில் ஒரு வண்டி இரண்டாகி, இரண்டு நான்காகி, இன்று 'பாப்பா டிரான்ஸ்போர்ட்' என்ற பெயரில் ஓடும் லாரிகளை—" அடித்துவிட்டேன். குதிரையை விற்ற ராமையாவே மோட்டார் பழகப் போகிறான். இன்னும் சில வருடத்தில் அந்தச் சாலையில் பஸ் வந்துவிடும். கால் நன்றாக இருந்தாலும் குதிரை தோற்கும். இதை எழுதினால் பொய் என்று எனக்குத் தெரியும், படிப்பவர்களுக்கும் தெரியும். நல்ல முடிவு என்பதற்காக இருவரும் தலையாட்டிக்கொள்வோம்.

சரி, அழ வைக்கலாம். வாங்கினார்கள். லகாட் மேட்டில் மூட்டை ஏற்றிய வண்டியோடு பாப்பா முன்னங்கால் மடங்கி விழுந்தது. சன்னாசி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு—

வேண்டாம். என் தொடர்களில் நான் கொன்ற மாடுகள், நாய்கள், ஒரு யானை, எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினால் ஒரு பெரட்டே வைக்கலாம். களைத்துவிட்டேன்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது, சொல்லிவிடுகிறேன். செல்லாயி வேண்டாம் என்கிறாள். காய்கறித் தோட்டத்துச் சீனர் மத்தியானம் வந்து யோசிக்காமல் வாங்கிக்கொண்டு போகிறார். கொஞ்ச நாள் கழித்து, கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயில் லகாட் ஸ்டேஷனில் நிற்கிறது. சன்னலுக்கு வெளியே பாப்பா, கீரைக் கூடைகளோடு, நான்கு காலும் ஒரே சத்தமாக ஓடுகிறது. கதையாகப் பார்த்தால் இதுதான் நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு பேரைக் கப்பலேற்றுவதா? சாகப்போகிறவன் பெயரை வரிசையிலிருந்து கூப்பிடுவதா? அதற்குத் தொரை இருக்கிறார். நான் வேறு எதற்கு?

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பிருங்க. எப்படியாவது முடிஞ்சா சரி."

8

விடிவதற்கு முன் செல்லாயி கிளம்பினாள். முந்தின இரவே தேங்காயெண்ணெய் தடவி இரண்டு காப்பையும் கழற்றிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கழற்றாதவை, கையைச் சிராய்த்துக்கொண்டுதான் வந்தன. மடியில் முடிந்துகொண்டாள். குதிரை சரியாக இருந்தால் அங்கேயே கொடுத்துவிட வேண்டும், மத்தியானம் வரை காத்திருக்க முடியாது.

அவள் போனபிறகு சன்னாசி எழுந்தான். கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனான். சாக்கடை ஓரமாக நடக்கத் தொடங்கியவன் பாதியில் நின்று, லகாட் இருக்கும் திசையைப் பார்த்துக் காது கொடுத்தான். அங்கிருந்து குளம்புச் சத்தம் கேட்காது என்று அவனுக்குத் தெரியாதா? நின்றான். முழங்கால் இன்னும் இளகவில்லை. மணி அடித்துவிட்டது.

களத்தில் தொரையின் விளக்கு வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கங்காணி பேர் படித்துக்கொண்டிருந்தான். இன்னும் சன்னாசி பேர் வரவில்லை.

லகாட்டில் செல்லாயி கொட்டகைக் கதவின் மூங்கிலை நீக்கினாள். ராமையா வெளியே கயிற்றுக் கட்டிலில் புரண்டு, "யாரு?" என்றான்.

"நாந்தாண்ணே. நீங்க படுங்க."

"பாப்பாவா?"

"ஆமா."

"பாத்து. காலையில அவளுக்குக் கோவம் வரும்."

உள்ளே பாப்பா நின்றுகொண்டிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. வேர்வை இல்லை, ஓட்டம் இல்லை, யாரும் இன்னும் அதைச் சூடேற்றவில்லை. செல்லாயி கட்டுத்தறியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். வெளிச்சம் வரும் பக்கமாக நின்றுகொண்டு மெல்ல இழுத்தாள்.

"வாடி," என்றாள்.

பாப்பா இடது முன்னங்காலைத் தூக்கியது.

9

இங்கே பேனாவை வைத்துவிட்டுச் சீனியை மறுபடி கூப்பிட்டேன்.

"சீனி, படத்துல கயித்தப் புடிச்சிருக்கே ஒரு கை. அது யாரோட கை?"

"அதுவாண்ணே? ராணியோட கை. குதிரைய வெளிய இழுத்துட்டு வர்ற மாதிரி போடச் சொன்னாங்க."

"வெறுங்கையா இருக்கே. ஆம்பள கைன்னு நெனச்சுட்டேன்."

"வளையலெல்லாம் கடைசியாப் போடலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள தொடரு நின்னுருச்சு லா."

காலைப் பற்றியும் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான்.

படத்தைப் பாருங்கள். (இந்தப் பக்கத்தில் படம் இல்லையென்றால் கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் நான் சொல்வதை நம்புவதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை.) கொட்டகை. குளிர்ந்த குதிரை. காப்பில்லாத ஒரு பெண்ணின் கை. மூன்று கால் தரையில் இருக்கிறது, நான்காவது இன்னும் தரையைத் தொடவில்லை. அதனால்தான் குட்டையாகத் தெரிகிறது. இறங்கிக்கொண்டிருக்கிறதா, இறங்கத் தயங்குகிறதா, அந்தக் கோட்டில் தெரியாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது, நான் பார்த்துவிட்டேன்.

அடுத்தது கால் ஊன்றும். அப்போது தலை ஆடினால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் அவள் வந்தாள். ஆனால் நாலு அடி நடக்க விட்டுப் பார் என்று கேட்டவன் பெரட்டுக்களத்தில் இளகாத காலோடு நிற்கிறான், அவன் பேரைக் கூப்பிட இன்னும் இரண்டே பேர். முதல் அடியைப் பார்த்துச் சொல்வதா, நாலாவது அடி வரை பொறுப்பதா? கயிற்றைப் பிடித்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்குக் கை வலிக்கிறது. இந்தாருங்கள், கயிற்றைக் கொஞ்சம் பிடியுங்கள். இழுக்க வேண்டாம், அதுவே வரும். தலையைப் பாருங்கள்.